முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒரு வாசல்

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்.”

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் புதிதாக முழுகாமல் இருக்கும் மருமகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் புத்தி இதுதான். கண்ணுபட்டுவிடும் என்பதற்காகச் சொல்வது. கரு தங்காமல் போனால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. கரு கலைவது, குழாயில் கரு தங்குவது, முத்துப்பிள்ளை (கரு வளராமல் முத்து முத்தாகத் திரளும் கர்ப்பம்), தண்ணீர்கூட உள்ளே நிற்காத வாந்தி எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் வருகின்றன. கர்ப்பமே யாருக்கும் தெரியாத காலம் என்பதால், ரத்தம் பட்டால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்ற பேச்சும் வீட்டில் எழுவதில்லை. விடியட்டும் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரி போகும். வெள்ளிக்கிழமை ராத்திரியாக இருந்தால் திங்கட்கிழமை வரை போகும்.

பிரசவத்தில் தமிழகம் சாதித்திருப்பது சாதாரணமானதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இறந்துபோகும் தாய்மார்கள் நாடு முழுவதற்கும் 97 பேர் என்றால், தமிழகத்தில் 54 பேர். கிராம சுகாதார செவிலியர்கள் வெயிலில் நடந்து நடந்து சேர்த்த பெருமை இது. ஆனால் இந்த ஏற்பாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சீமாங்க் மையம் அவசரப் பிரசவத்துக்கும் பிறந்த குழந்தைக்கும். மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் மத்திய அரசின் பரிசோதனை முகாம் நான்காம் மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. சமுதாய வளைகாப்பு வயிறு தெரிந்த பிறகு. பரிசுப் பெட்டகம் பிள்ளை பிறந்த பிறகு. எல்லாமே முதல் மூன்று மாதத்தைத் தாண்டித்தான் நிற்கின்றன.

அதற்கு முன் அரசு கேட்பது ஒன்றைத்தான்: பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் முதல் தவணைக்கு அது நிபந்தனை. பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழும் வாங்க முடியாது. நல்ல நிபந்தனைதான், சீக்கிரம் வந்தால் ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஏழாவது வாரத்தில் பதிந்த ஒரு பெண்ணுக்கு எட்டாவது வாரத்தில் ரத்தம் பட்டால், பதிவு செய்யச் சொன்ன அதே அமைப்பு அவரை எந்த அறைக்கு அனுப்ப வேண்டும்? இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றியது.

இரண்டு மாவட்டம், நீளமான சாலைகள்

1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. ஒன்றுக்கு மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொன்றுக்குச் சுண்ணாம்புக்கல், சிமென்ட், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி. பெரம்பலூர் மாவட்டத்தில் ரயிலே கிடையாது. பச்சைமலை அடிவாரத்து மலையாளப்பட்டியிலிருந்தோ குன்னத்திலிருந்தோ கிளம்பும் பெண்ணுக்கு பஸ், ஷேர் ஆட்டோ, யாராவது ஓட்டும் டூவீலர், இல்லையென்றால் 108. இந்தப் பக்கத்தில் கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கும் வீடுகள் நிறைய. ராத்திரி வலி வந்தால் முடிவெடுக்க வேண்டியவர் வாட்ஸ்அப் காலில் இருப்பார், வண்டியெடுக்க வேண்டியவர் பக்கத்து வீட்டில் இருப்பார். மூணு மாசம் முடியாத விஷயத்தைப் பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்வது?

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. செந்துறை வட்டத்துக் குழுமூரில் பிறந்து, மருத்துவராகும் கனவோடு 2017இல் உயிரைவிட்ட அனிதாவின் பெயரைத் தாங்கிய அரங்கம் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. மருத்துவக் கல்லூரி சிறுவாச்சூரில் தனியாரிடம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெரம்பலூர்க்காரர்கள் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கும், அரியலூரின் தென்பகுதியினர் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் போவது வழக்கம்.

பிரசவ வலியோடு இந்தத் தூரத்தைக் கடக்க 108 இருக்கிறது. 2008 செப்டம்பரிலிருந்து தமிழகத்தில் ஓடுகிறது. ஆனால் ‘லேசா ரத்தம் படுது’ என்பதற்காக யாரும் 108ஐ அழைப்பதில்லை. ஆரம்பக் கர்ப்பத்தின் ஆபத்து மெதுவாகத்தான் வந்து கதவைத் தட்டும். ஒருநாள் காத்திரு, ஒரு ஸ்கேன், இரண்டு நாள் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் என்றுதான் அதைப் பார்க்க முடியும். ஒரே மாதத்தில் நான்கு முறை போய்வர வேண்டிய நோய்க்கு, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரி பாதி ஆஸ்பத்திரிதான். களையெடுக்கும் கூலியை விட்டுவிட்டு, மூத்த பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு நான்கு முறை யார் போவார்கள்? இரண்டாம் முறையே நின்றுவிடும்.

க்ளோஸ்டரில் தொடங்கிய சின்ன அறை

1980களின் கடைசி வரை பிரிட்டனிலும் இதே நிலைதான். ரத்தம் பட்ட பெண் அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பிறகு வார்டில் சேர்ப்பார்கள். ஸ்கேனுக்கு ஒருநாள், முடிவு சொல்ல ஒருநாள். இங்கிலாந்தின் க்ளோஸ்டர் நகர மருத்துவமனையில் பிக்ரிக், ரீட் என்ற இரு மருத்துவர்கள் இதற்கென்று ஒரு தனி அறை வைத்தார்கள். காலையில் வந்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருத்துவர் முடிவு எல்லாம் அங்கேயே. 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர்கள் எழுதியது நாடெங்கும் பரவியது. ஐந்தில் இரண்டு பெண்களுக்கு வார்டில் சேர வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இன்னும் ஐந்தில் ஒருவர் படுத்திருக்கும் நாள் குறைந்தது. இன்று பிரிட்டனில் அப்படிப்பட்ட பிரிவுகள் ஏறத்தாழ 200. வாரத்தில் ஏழு நாளும் இந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழிகாட்டுதல்.

பணக்கார நாட்டுக் கதை என்று இதைத் தள்ள முடியாது. அந்த அறையில் புதிதாக எந்த இயந்திரமும் இல்லை. தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒரே வாசலுக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வாரத்தில் கருவைச் சுற்றிய பை, ஆறாவது வாரத்தை ஒட்டித் துடிப்பு. இவற்றைத் தெளிவாகப் பார்க்க வயிற்றின் மேல் வைக்கும் கருவி போதாது, உள்வழி ஸ்கேன் வேண்டும். கூடவே பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை, 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. நல்லபடி வளரும் கர்ப்பத்தில் அந்த அளவு இரண்டு நாளில் 63 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். பாதிக்கு மேல் இறங்கினால் கரு நிற்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் தத்தளித்தால்தான் மருத்துவர் எச்சரிக்கையாக வேண்டும்: கரு குழாயில் இருக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க, அதே கண்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒருவர், மூன்றாம் நாள் வேறொருவர், ஸ்கேன் வெளியில் ஒரு தனியார் சென்டரில், ரத்தம் இன்னொரு லேபில் என்றால் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. தனிப் பிரிவு வேண்டும் என்பதற்கு என் முதல் காரணம் இதுதான்.

“துடிப்பு இல்ல, சுத்தம் பண்ணிடலாம்”

ஆறாவது வாரத்தில் ஒரு பெண் கேட்கவே கூடாத அவசர வாக்கியம் இது. மாதவிலக்கு முன்பின்னாக வருகிறவர்களுக்குக் கணக்கு ஒரு வாரம், பத்து நாள் பிசகும். ஏழு வாரம் என்று நினைப்பது உண்மையில் ஐந்தரை வாரமாக இருக்கும். அன்றைக்குத் துடிப்பு தெரியாததில் வியப்பில்லை.

அயர்லாந்தில் 2010ஆம் ஆண்டு ஒரு பெண் தனக்கு நடந்ததை வெளியில் சொன்னார். கரு இறந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, கருவை வெளியேற்ற மாத்திரையும் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. மாத்திரையைப் போடாமல் வேறொரு மருத்துவரிடம் போய் ஸ்கேன் பார்த்தார். துடிப்பு இருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவர் சொன்னதும் மற்ற பெண்களும் பேசினார்கள். அரசு நடத்திய விசாரணையில் இப்படித் தவறாகச் சொல்லப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் தெரியவந்தன. அதையொட்டிய ஆண்டிலேயே பிரிட்டனில் அளவுகோல் இறுக்கப்பட்டது. கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து துடிப்பு தெரியவில்லை என்றால் முடிவு சொல்லக் கூடாது, குறைந்தது ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 7 மில்லிமீட்டரை எட்டியிருந்தாலும் இன்னொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கரு தெரியாத வெறும் பையாக இருந்தால் அளவு 25 மில்லிமீட்டர்.

இந்த எண்களைப் படிக்கும் பெண்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். (கருவின் நீளம்) என்று போட்டிருக்கும் இடத்தைப் பார்த்து, “ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாமா டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதிக ரத்தப்போக்கோ காய்ச்சலோ இல்லாதவரை, அந்த ஒரு வாரத்தால் கெட்டுப்போவது எதுவுமில்லை.

கரு நின்றுவிட்டது என்று உறுதியான பிறகும் ஒரே வழிதான் என்றில்லை. தானாக வெளியேறட்டும் என்று ஒன்று, இரண்டு வாரம் காத்திருக்கலாம். மாத்திரை கொடுக்கலாம். உறிஞ்சி எடுக்கலாம், அப்படி உறிஞ்சும் முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது, கருப்பையைச் சுரண்டும் பழைய டி அண்ட் சி முறையை அல்ல. எந்த வழி என்பதில் அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு இடமுண்டு. ஜி.எச்.சுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர் காத்திருக்கலாம். ராத்திரி பஸ் இல்லாத ஊர்க்காரர் உடனே முடித்துக்கொள்ள நினைக்கலாம். அதைக் கேட்பதற்கு ஒருவர் எதிரில் உட்கார வேண்டும். பிரசவ வார்டின் பரபரப்பில், பக்கத்துக் கட்டிலில் பச்சைக் குழந்தை அழும்போது, யார் கேட்பார்கள்? கரு கலைந்த பெண்ணைப் பிள்ளை பெற்றவர்களுக்கு நடுவில் படுக்க வைப்பது வேறு இடமில்லாததால் நடப்பது. எண்ணிப் பார்த்தால் அது கொடுமை.

குழாயில் கரு

நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியில் தங்குகிறது. அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில். பென்சில் கனம்கூட இல்லாத குழாய் அது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அது தாங்காமல் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியில் படும் ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். தமிழகத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. 2019-21 ஆய்வில் 48.3 விழுக்காடு. அப்படிப்பட்ட உடம்பு இழக்கத் தாங்கும் ரத்தம் குறைவு.

அறிகுறிகளைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளிப்போயிருக்கும். அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக வலி. தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி. வயிற்றில் தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் அங்கே தெரியும், வாயு என்று ஓமத்தண்ணீர் குடிக்க வைப்பார்கள். மலம் கழிக்க வேண்டும்போல அழுத்தம். எழுந்தால் கண்ணிருட்டு, மயக்கம். இதில் மயக்கமும் வலியும் சேர்ந்தால் 108தான். பஸ்ஸோ டூவீலரோ கூடாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கு நாள் தள்ளினால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை குழாயில் கரு தங்கியவருக்கும் அப்படியே. பத்தில் ஒருவருக்கு அது திரும்ப வருகிறது.

வெடிக்கும் முன் பிடித்துவிட்டால் கத்தியே வேண்டாம் என்ற நிலைகூட உண்டு. மெத்தோட்ரெக்சேட் என்ற ஊசி, புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படும் பழைய மருந்து, குழாயில் இருக்கும் கருவைக் கரைந்துபோகச் செய்யும். ஜப்பானில் 1982இல் இதைக் கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு முதன்முதலில் பயன்படுத்தினார்கள். குழாய் வெடிக்காமல் இருக்க வேண்டும், அங்கே திரண்டிருக்கும் கட்டியின் அளவு 35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், துடிப்பு இருக்கக் கூடாது, எச்.சி.ஜி. அளவு குறைவாக இருக்க வேண்டும். ஊசி போட்ட நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் பார்த்து, பிறகு வாரந்தோறும் பூஜ்யமாகும் வரை பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கூப்பிட்டால் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மருத்துவர் இந்த வழியில் இறங்குவார். செந்துறையிலிருந்து திருச்சிக்கு வந்த பெண்ணை ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவருக்கும் கை நடுங்கும். குழாயை வெட்டி எடுப்பதே பத்திரம் என்று முடிவாகும். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒரு குழாயை இழப்பது நோயால் பாதி, தூரத்தால் பாதி.

இங்கே இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக வாங்கிப் போடும் கலைப்பு மாத்திரை குழாயில் இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டாயிற்று, ரத்தமும் பட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருப்பவர் பத்து நாளில் மயங்கி விழுவார். ஸ்கேன் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

ஸ்கேன் அறையின் பூட்டு

2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள்; அரியலூர் மாவட்டத்தில் 897. பெண் சிசுவைக் கருவிலேயே அழித்ததன் வடு அந்த எண். அதனால் ஸ்கேன் மீது, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நிரப்பும் படிவம், பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே பார்க்கலாம் என்ற விதி எதையும் தளர்த்தச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியரே ஸ்கேன் பார்க்கிறார். இங்கே அது முடியாது, இந்த மண்ணின் வரலாறு அப்படி.

ஆனால் ஆறாவது, ஏழாவது வார ஸ்கேனில் ஆணா பெண்ணா என்பது எவருக்கும் தெரியாது. உயிர் காக்க எடுக்கும் ஸ்கேன் அது. மாலைக்கு மேல் ஸ்கேன் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோக சட்டம் எங்கும் சொல்லவில்லை. பணியில் இருக்கும் மகப்பேறு மருத்துவருக்கே ஆரம்பக் கர்ப்ப ஸ்கேனில் முறையான பயிற்சி கொடுத்து, பதிவில் அவர் பெயரைச் சேர்த்து, கருவியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கும் பார்க்கலாம். வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் ஸ்கேன் கருவி உண்டு. அங்கே உள்வழிக் கருவியும் பயிற்சியும் சேர்ந்தால், கரு கருப்பைக்குள் இருக்கிறதா இல்லையா என்ற முதல் கேள்விக்கு வேப்பந்தட்டையிலேயே பதில் கிடைத்துவிடும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. பிரசவ வார்டுக்கு வெளியில், தனி வழியோடு ஒரு அறை. உள்வழிக் கருவியோடு ஒரு ஸ்கேன். அன்றே முடிவு தரும் எச்.சி.ஜி. பரிசோதனை. இதற்கென்றே மாறாமல் இருக்கும் இரண்டு செவிலியர்கள். ஓயாத வாந்தியால் வருகிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி மாலையில் அனுப்ப இரண்டு கட்டில். ‘மசக்கைதானே’ என்று விட்டுவிட்டால் எடை சரிந்து, சிறுநீரில் கீட்டோன் வந்து, சிறுநீரகம் வரை போகும். நேராக அழைக்க ஒரு போன் எண். அந்த எண்ணைப் பதிவு செய்யும் நாளிலேயே தாய் சேய் நல அட்டையில் கிராம சுகாதார செவிலியர் எழுதிக் கொடுக்க வேண்டும். அரியலூரில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட பிறகு, இரண்டு மாவட்டத்துக்கும் அதுவே தாய்ப் பிரிவாகவும் பெரம்பலூர் தலைமை மருத்துவமனை அதன் கிளையாகவும் இருக்க என்ன தடை? இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அந்த அறைக்கு வரும் பதினேழு வயதுப் பெண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பமே அவரை மறைத்து வைத்திருக்கும். ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் கொண்டுவருவார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குக் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் தகவல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் அவருடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வந்தவுடன் “என்ன மாத்திரை போட்ட?” என்று அதட்டும் குரலை எந்தப் பெண்ணும் கேட்காத ஒரு வாசலாக அது இருக்க வேண்டும்.

யார் குற்றமும் இல்லை

பப்பாளி சாப்பிட்டாள், எள்ளுருண்டை தின்றாள், டவுன் பஸ்ஸில் குலுங்கிப் போனாள், குடம் தூக்கினாள். கரு கலைந்த வீட்டில் இந்த விசாரணை நடக்கும். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை, கரு உருவான கணத்திலேயே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. அவற்றை எந்தப் பத்தியமும் காப்பாற்றியிருக்காது. படுத்தே இருந்தால் கரு நிற்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து இப்படி முடிகின்றன. 2021இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கு, உலகில் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம், நிமிடத்துக்கு 44. அதேபோல, ரத்தம் பட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. ரத்தம் கண்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் கர்ப்பம் தொடர்கிறது.

சிலருக்கு மருந்தும் உண்டு. பர்மிங்காம் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையில் பிரிட்டனில் 48 மருத்துவமனைகளில், 4,153 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஆரம்பத்தில் ரத்தம் பட்டவர்கள் எல்லோருக்கும் புரோஜெஸ்டிரோன் கொடுத்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களில், மருந்து பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் பிள்ளை பெற்றார்கள், பெறாதவர்களில் 57. யாருக்குப் பயன்படும் என்று தெரிந்து கொடுக்க, அவருடைய பழைய கணக்கு எழுதி வைத்திருக்கும் ஓர் இடம் வேண்டும்.

சட்டமும் ஒரு கை கொடுக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்ததிலிருந்தே, தகுதியுள்ள வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நியூசிலாந்து 2021இல் மூன்று நாள் விடுப்பு கொடுத்ததை உலகமே பேசியது; நம்மிடம் அறுபது ஆண்டாக ஆறு வாரம் இருக்கிறது. பள்ளி ஆசிரியைகள், கம்பெனி ஊழியர்கள், இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவச் சான்றோடு கேட்டு வாங்கலாம். பருத்தி எடுப்பவருக்கும் வெங்காயத் தாள் அறுப்பவருக்கும் முந்திரி பொறுக்குபவருக்கும் அந்தச் சட்டம் எட்டாது. மூன்றாம் நாள் வெயிலில் நிற்கிறார்கள். மகப்பேறு உதவித் திட்டத்தின் பணத்தில் ஒரு சிறு பங்காவது, பதிந்த பிறகு கர்ப்பத்தை இழந்த பெண்ணுக்கு ஓய்வுக்கான உதவியாக ஒரு மாதத்துக்குக் கிடைக்க வழிசெய்தால், பதிவேட்டில் ‘அபார்ஷன்’ என்று எழுதி மூடும் வரிக்குப் பின்னால் இருப்பவரையும் அரசு பார்த்ததாகும்.

அந்தப் பெண் வீடு திரும்பும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? ரத்த வகை எழுதிய தாள். நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா என்ற குறிப்பு. முத்துப்பிள்ளையாக இருந்தால், எச்.சி.ஜி. பூஜ்யமாகும் வரை வர வேண்டிய தேதிகள். அது முடியும்வரை அடுத்த கர்ப்பம் கூடாது, மிச்சம் இருப்பது அரிதாகப் புற்றாக மாறும். மற்றவர்களுக்கு, “அடுத்து எப்போ?” என்று மாமியார் கேட்குமுன் சொல்லிவிட வேண்டிய பதில் இது: ஆறு மாதம் பொறுக்கத்தான் வேண்டும் என்ற பழைய பேச்சுக்கு இப்போது வலுவில்லை. ஸ்காட்லாந்தில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுபடி கருவுற்றவர்களுக்கு அடுத்த கர்ப்பம் நன்றாகவே போனது. உடம்பு தேறி, மனமும் ஒப்பினால் போதும். அதுவரை ஃபோலிக் ஆசிட் மாத்திரை, ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து. மறுபடி நாள் தள்ளினால், மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஆறாவது ஏழாவது வாரத்திலேயே நர்சம்மாவிடம் சொல்லி ஸ்கேனுக்குப் போய்விட வேண்டும்.